ஜோங்காவுக்கு ஒரு ஜோடி ஷாக் அப்சார்பர்

"முதல்ல ஏமாத்தினவன் கோயம்புத்தூர்க்காரன்" என்றார் ராயப்பன்.

"சரி" என்றார் சாமி.

"லாரியில கழட்டினதுக்குப் பச்சை பெயின்ட் அடிச்சு, ராணுவச் சரக்குன்னு தலையில கட்டினான். ரெண்டாவது, சென்னைப் பழைய இரும்புக்காரன். இதோ வருது அதோ வருதுன்னு ஆடியிலேர்ந்து கார்த்திகை வரைக்கும் இழுத்தான். மூணாவது, ஊட்டியில ஒரு ரிட்டயர்டு சுபேதார். ஷாக் அப்சார்பர் வேணும்னா முழு வண்டியையும் எடுத்துக்கோன்னான். அந்த வண்டியில இன்ஜினே இல்ல. நாலாவது..."

"சுபேதார் டீ குடுத்தாரா?"

"குறுக்க பேசாதீங்க. வரிசை கெட்டுப்போகும்." ராயப்பன் மூச்சு வாங்கிக்கொண்டார். "முதல்ல ஏமாத்தினவன் கோயம்புத்தூர்க்காரன்."

சாமி மறுபடியும் எல்லாவற்றையும் கேட்டார்.

"நாலாவது, தவசி. ஒரே தட்டுல சாப்பிட்டவன். அவன் சங்கத்து மெக்கானிக்கை வரச் சொன்னேன். ராயப்பன் வண்டியில கை வச்சா கை இருக்காதுன்னு சொல்லியனுப்பினானாம்."

மலையடிவாரத்தில் மூடிப்போன செக்போஸ்ட் ஒன்றில் சாமி குடியிருந்தார். ராயப்பனைவிட இருபது வயது இளையவர். திருநீறு கிடையாது, மாலை கிடையாது, ஒரு காக்கி அரைக்கால் சட்டை மட்டும். முன்பு ராணுவத்தில் வண்டி ஓட்டினவர், பழைய சாமான் வைத்திருப்பார் என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள். அதை நம்பித்தான் ராயப்பன் வந்தார். சாமியார்களைக் கிழித்துத் துண்டறிக்கை போட்டே வயதானவருக்கு இந்தப் படி ஏறுவது எளிதாக இல்லை. 'சாமி' என்று கூப்பிட வாய் வரவில்லை. 'இந்தாங்க' என்றே கூப்பிட்டார்.

"இந்தாங்க, எனக்கு உபதேசம் வேண்டாம். ஜோங்காவுக்குப் பின்பக்க ஷாக் அப்சார்பர் ஒரு ஜோடி. இருக்கா இல்லியா?"

"எதுக்கு?"

ராயப்பன் மலையைக் கைகாட்டிச் சொன்னார்.

மலைமேல், தோட்டத் தொழிலாளர் போராட்டத்தின்போது துப்பாக்கிச் சூடு நடந்த இடத்தில், ஒரு கல் நிற்கிறது. செத்தவர்கள் பெயரெல்லாம் அதில் உண்டு. மாடத்தியின் புருஷன் பெயர் மட்டும் இல்லாமலிருந்தது. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்து பிறகு செத்தான். அதற்குள் சங்கம் உடைந்துவிட்டது. அவன் உங்கள் ஆள் என்று இவர்கள் சொன்னார்கள், உங்கள் ஆள் என்று அவர்கள் சொன்னார்கள். ராயப்பன் எஸ்டேட் ஆபீஸில் ஏறி இறங்கி, உட்கார்ந்து, கத்தி, இந்த வருஷம்தான் அந்தப் பெயரைக் கல்லில் வெட்ட வைத்தார். நினைவு நாளான ஞாயிற்றுக்கிழமை அதைக் கல்லின் முன்னால் வாசிக்க வேண்டும். மாடத்தி இருந்து கேட்க வேண்டும். அவளுக்கு அவர் கொடுத்த வாக்கு அது.

மாடத்தி தேயிலைக் கொழுந்து மூட்டையோடு சரிவில் விழுந்து முதுகெலும்பு முறிந்தவள். கல்லுக்குப் போகிற பாதையோ பாதையே அல்ல, வெறும் பாறை. ஜோங்கா என்கிற ராணுவ ஜீப் தவிர வேறு வண்டி ஏறாது. ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட அந்த வண்டியில் ஒத்திகை பார்த்தபோது, இரண்டாவது வளைவிலேயே அவள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள். "அண்ணே, பேரை இங்ஙனயே வாசிச்சிட்டு என்னை இறக்கி விட்ருங்க" என்றாள்.

அந்த வார்த்தைதான் அவரைத் தூங்கவிடவில்லை.

"இருக்கு. வண்டியை எடுங்க" என்றார் சாமி.

ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

ஜோங்கா கிளம்பியது. ஒவ்வொரு குழிக்கும் ஓர் ஆள் உயரம் குதித்தது. பஸ் நிறுத்தத்துக்கு வருவதற்குள் சாமி முழுக்க நனைந்திருந்தார்.

"நிறுத்துங்க."

"இங்கேயா? இங்க கடை ஒண்ணும் இல்லியே."

சாமி, பஸ் வராமல் காத்துக் கிடந்தவர்களைப் பார்த்துக் கையசைத்தார். வாழைத்தாரோடு ஒரு பெரியவர் ஏறினார். கல்யாணத்துக்குப் போகிற ஒரு குடும்பம் ஏறியது. அரிசி மூட்டையும் அதன்மேல் ஓர் அத்தையும் ஏறினார்கள்.

"இந்தாங்க! இது டவுன் பஸ் இல்ல! ஷாக் அப்சார்பர் எங்க?"

"ஏறிக்கிட்டிருக்கு" என்றார் சாமி.

குழாயடியில் சொம்பை மறுபடி நிரப்பிக்கொண்டார்.

ராயப்பன் பல்லைக் கடித்தபடி ஓட்டினார். இந்த ஆளைப் பற்றிப் போடப்போகிற துண்டறிக்கைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டார். பின்னால் அந்த அத்தை மாப்பிள்ளை வீட்டைப் பற்றி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பெரிய பள்ளம் ஒன்று வந்தது. அவர் உடம்பை இறுக்கிக்கொண்டார்.

வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவ்வளவுதான்.

திரும்பிப் பார்த்தார். சொம்பில் தண்ணீர் ஆடியது. சிந்தவில்லை.

எல்லோரும் இறங்கிய பிறகு ராயப்பன் இன்ஜினை அணைத்தார்.

"கனம் இல்லாமத்தான் துள்ளுது" என்றார். "புரிஞ்சுது. மணல் மூட்டை ஏத்திக்கிறேன்."

"ஏத்துங்க" என்றார் சாமி. "மணல் பேரைக் கேக்குமா?"

சொம்பிலிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு நடையைக் கட்டினார்.

ராயப்பனின் சங்கம் இரண்டாவது உடைப்பில் பிறந்தது. அவரே தலைவர், அவரே செயலாளர். வண்டியை நிரப்ப அவரிடம் ஆள் இல்லை. நினைவு நாளில் தவசியின் சங்கம் காலையில் கல்லுக்குப் போகும். அடுத்த சங்கம் மதியம் போகும். ராயப்பன் சாயங்காலம் போவார். ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்துவிடக் கூடாது என்று ஏற்பாடு.

ஞாயிறு விடிந்ததும் ஜோங்கா தவசியின் வீட்டு வாசலில் நின்றது.

"என்ன, ஸ்டெப்னி வேணுமா?" என்றான் தவசி. வாயில் பல்குச்சி.

"ஆள் வேணும்."

"ஊர்வலத்துக்கா?"

"கனத்துக்கு."

தவசி குச்சியைத் துப்பினான். "இத்தனை வருஷமா கொள்கைக்கு ஆள் கேட்டே. ஒருத்தனும் வரல. இப்பக் கனத்துக்குக் கேக்குறியா?"

"உன் வயித்தைப் பார்த்ததும் நீதான் ஞாபகத்துக்கு வந்தே."

"எந்தச் சங்கத்துக் கொடி பறக்கும் வண்டியில?"

"இடம் பத்தல. கம்பைக் கழட்டிட்டேன்."

தவசி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான். முன்பக்கம் கொடிக்கம்பு இருந்த இடத்தில் ஓட்டை மட்டும் இருந்தது. உள்ளே மெத்தை விரித்து மாடத்தியைப் படுக்க வைத்திருந்தார்கள். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கும்பிடுறேன் தாயி" என்றான் தவசி. பிறகு வீட்டுக்குள் பார்த்து, "ஏய், சட்டையை எடு. நீயும் கிளம்பு. அடுத்த லயத்து வீடுகள்ல உள்ளவங்களையும் கூப்பிடு!" என்று கத்தினான்.

அடுத்த சங்கத்துக்காரர்கள் வழியில் ஏறிக்கொண்டார்கள். இடமில்லாதவர்கள் பின்னால் நடந்தார்கள்.

ஜோங்கா முனகிக்கொண்டே ஏறியது. தவசியின் மனைவி மாடத்தியின் தலையை மடியில் வைத்திருந்தாள்.

"எப்பம்மா ஏத்தம் வரும்?" என்றாள் மாடத்தி.

"ஏறிக்கிட்டுத்தான் இருக்கோம்."

மேலே காற்று அடித்தது. இரண்டு பெண்களின் தோளைப் பிடித்துக்கொண்டு மாடத்தி கல்லின் எதிரே நின்றாள். ராயப்பன் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து விரித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"எங்கள் சங்கத்தின்..."

தவசி கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த சங்கத்துக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள்.

ராயப்பன் காகிதத்தை மடித்தார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்றார். பிறகு சத்தமாக, எதிர்மலை வரைக்கும் கேட்கும்படி சொன்னார்:

"மாடத்தி புருஷன் இசக்கி."