ஐம்பத்து மூன்று ஓம்

முப்பத்தைந்து டிகிரி. அதற்கு மேல் நகர மாட்டேன் என்று நின்றது இன்குபேட்டரின் முள்.

முப்பத்தேழரை வேண்டும். உள்ளே ஆயிரத்து இருநூறு நாட்டுக்கோழி முட்டைகள். பதினாறு நாள் ஆனவை, ஓட்டுக்குள் குஞ்சுகளுக்கு உயிர் வந்தாயிற்று. மத்தியானத்துக்குள் சூடு ஏறாவிட்டால் அத்தனையும் குப்பைதான் என்று தெய்வானை ஒரே மூச்சில் சொன்னாள். சென்னிமலைப் பக்கம் அவள் தனியாக நடத்தும் பொரிப்பகம் அது. அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

மாரப்பன் புது ஹீட்டர் பெட்டியோடு வந்திருந்தான். வயது நாற்பத்தாறு. இருபது வருஷம் லாரி ஓட்டி, முதுகு போய், இப்போது வயரிங் பழகுகிறான். அவனுடைய குரு தமயந்திக்கு முப்பத்தொன்று. அவன் அவளை மாஸ்டர் என்பான், அவள் அவனை அண்ணா என்பாள். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் இல்லை.

குருவின் கட்டளைகளில் ஒன்றுதான் அவனுக்குக் கசப்பு. எதைக் கழற்றுவதற்கு முன்னாலும் வோல்ட்டையும் ஆம்பியரையும் அளந்து நோட்டில் எழுத வேண்டும். வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட். எட்டாவதில் கணக்கில் கோட்டை விட்டவனிடம் இதைக் கேட்டால் எப்படி? போன வாரம் பொறுக்காமல் கேட்டே விட்டான்.

"கெட்டதைக் கழட்டி நல்லதை மாட்டப் போறோம். இதுக்குக் கணக்கு எதுக்குங்க மாஸ்டர்?"

அவள் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டாள்.

இன்றைக்கும் வேண்டாவெறுப்பாகத்தான் அளந்தான். ஹீட்டர் முனையில் நூற்று எழுபத்தாறு வோல்ட். ஓடுவது மூன்று புள்ளி மூன்று ஆம்பியர். போனில் வகுத்தான். ஐம்பத்து மூன்று ஓம். சரி, எழுதியாயிற்று.

பெட்டியைப் பிரிக்கப் போனவன், மேலே ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தான். இருநூற்று முப்பது வோல்ட், ஆயிரம் வாட். வாட்டை வோல்ட்டால் வகுத்து ஆம்பியரைப் பிடித்து, அதிலிருந்து ஓமும் போட்டுப் பார்த்தான். ஐம்பத்து மூன்று ஓம்.

தப்பாகப் போட்டிருப்போம் என்று இன்னொரு தடவை போட்டான். அதேதான்.

பழசும் ஐம்பத்து மூன்று, புதுசும் ஐம்பத்து மூன்று. அப்படியானால் பழசு கெடவே இல்லை. பிறகு எதை எதற்காக மாற்றுவது?

தமயந்திக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னான். அவள் முழுதாகக் கேட்கக்கூட இல்லை.

"ஹீட்டரை மாத்திட்டு வாங்கண்ணா." வைத்துவிட்டாள்.

தெய்வானை பக்கத்திலேயே நின்றாள். லாரியை ஓரங்கட்டிப் படுக்கிற மாதிரி நிற்கிறீர்களே என்று இடித்தாள். மாரப்பனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கை பெட்டிக்குப் போகவில்லை. பெருக்கினான். ஆயிரம் வாட் தர வேண்டிய ஹீட்டர் ஐந்நூற்று எண்பதுதான் தருகிறது. வெளியே மீட்டர் பலகையில் போய் அளந்தான். அங்கே இருநூற்று முப்பது முழுசாக இருந்தது.

வழியில் ஐம்பத்து நாலு வோல்ட் காணோம். அதை மூன்று புள்ளி மூன்றால் பெருக்கினான். நூற்று எழுபத்தெட்டு வாட். அவ்வளவு சூடு சும்மா காணாமல் போகாது. எங்கேயோ உட்கார்ந்து எதையோ சுட்டுக்கொண்டிருக்கிறது.

வயர் போகும் சுவரைக் கையால் தடவிக்கொண்டே நடந்தான். அப்போதுதான் வாசம் தட்டியது. வந்ததிலிருந்தே மூக்கில் இருந்த சந்தன வாசம். பூஜை போட்டிருப்பாள் என்று அதுவரை நினைத்திருந்தான்.

"இன்னைக்கு ஊதுவத்தி ஏத்துனீங்களா?"

"கோழிக் கொட்டாயில யாருண்ணா ஊதுவத்தி ஏத்துவாங்க?"

கரண்டுக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றிப் போடும் பெரிய சுவிட்ச் ஒன்று சுவரில் இருந்தது. மூடி சுட்டது. மீட்டரில் மெயினை அணைத்து, டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுத் திறந்தான்.

ஒவ்வொரு திருகாணியிலும் ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். ஹீட்டர் வயரின் திருகாணியில் மட்டும் பொட்டு கருகி, பித்தளை பச்சை பூத்து, வயர் முனை தீய்ந்திருந்தது.

ஆயுத பூஜையன்று லைன் நிறுத்தியிருந்தார்களாம். சும்மா மூடியில் வைத்தால் சாமி உள்ளே போகுமா என்று திறந்து, தண்ணீர் தெளித்துத் துடைத்து, ஈரச் சந்தனமாகவே வைத்ததாக தெய்வானை தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். மாரப்பன் சிரிக்கவில்லை. அவனுடைய லாரியில் பேட்டரி முனைக்கே பொட்டு வைத்தவன் அவன்.

தீய்ந்த முனையை வெட்டினான். நல்ல கம்பி தெரியும்வரை சீவி, புதுத் திருகாணி போட்டு முறுக்கி, மெயினைப் போட்டான். இருநூற்று முப்பது வோல்ட். நாலு புள்ளி மூன்று ஆம்பியர். பெருக்கிப் பார்க்கக் கை பரபரத்தது. தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது.

முள் அசைந்தது. முப்பத்தாறு. முப்பத்தேழு. பதினொன்றரைக்கு முப்பத்தேழரையில் போய் நின்று, ஹீட்டர் தானே அணைந்தது. தெய்வானை ஒரு முட்டையை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பிடித்தாள். சிவப்பு நரம்புகளுக்கு நடுவே கருப்பாக ஒன்று எட்டி உதைத்தது. அவள் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள், அழுதுகொண்டே அடுத்த முட்டையை எடுத்தாள். மாரப்பன் மீசையை முறுக்கிக்கொண்டான். அவள் அதைப் பார்க்கவில்லை, ஆனாலும் முறுக்கினான்.

மூன்று மணிக்குத் தமயந்தி ஸ்கூட்டரில் வந்தாள். முள்ளைப் பார்த்தாள். மேஜைமேல் டேப் பிரிக்காமல் கிடந்த பெட்டியைப் பார்த்தாள்.

"இதை மாத்தத்தானே சொன்னேன்?"

"ஆமாங்க."

"மாத்தலையா?"

அவன் நோட்டை நீட்டினான். அவள் நிதானமாகக் கடைசி வரி வரை படித்தாள். மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெட்டியைத் தூக்கி ஸ்கூட்டரில் வைத்தாள்.

"நாளைக்கு அரச்சலூர் அரிசி மில்லுக்கு நீங்க தனியாப் போங்கண்ணா. எனக்குப் போன் பண்ணாதீங்க. பண்ணினா நான் எதையாவது மாத்தச் சொல்லிருவேன்."