வாய் நிறையத் தண்ணீர்

நாகர்கோவிலில் நாடகம் சொல்லித் தரும் ரெஜினா டீச்சருக்கு வயது முப்பத்து நான்கு. அவரிடம் சீடராகச் சேர்ந்த துக்காராம் ராவுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. குரு என்றால் நரைத்த தாடி வேண்டும் என்பவர்கள் இந்தக் கதையை இங்கேயே விட்டுவிடலாம்.

ராவின் குடும்பம் தோல்பாவைக் கூத்து ஆடும் குடும்பம். திரைக்குப் பின்னால் ஒரே ஆள் உட்கார்ந்து பாவைகளை ஆட்டுவார். ராஜா, ராணி, அரக்கன், கோமாளி எல்லாருக்கும் அவரே பேசவும் வேண்டும். ராவ் சின்ன வயதிலேயே அதில் கெட்டிக்காரர். அவருடைய தம்பி இன்றும் கோயில் கொடைத் திருவிழாக்களில் ஆடுகிறார், கூட்டத்துக்குக் குறைவில்லை.

ராவுக்கு மட்டும் ஓர் ஆசை. இத்தனை வருடமாக ஊர் அவர் குரலைக் கேட்டாயிற்று. முகத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

டீச்சர் அவருக்கு அப்பா வேஷம் கொடுத்தார். ராவ் அன்றே மனைவியிடம், "முதல் வரிசையில உக்காரணும்" என்று சொல்லிவிட்டார்.

ஒத்திகையில் வந்தது வம்பு. மகளாக நடிக்கும் அனிஷா, வீட்டை விட்டுப் போகிறேன் என்று அப்பாவிடம் அழுதபடி நீளமாகப் பேச வேண்டும். அவள் பேசப் பேச ராவின் உதடுகளும் கூடவே அசைந்தன. அவளுடைய விசும்பலைக்கூட விடவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"ரெண்டு வேஷமும் இவரே போடட்டும் டீச்சர்" என்றாள் அனிஷா.

ராவ் உதட்டைக் கடித்துப் பார்த்தார். பல்வலி வந்த அப்பா மாதிரி இருந்தது.

"அடுத்த வாரம் நாடகம், அண்ணாச்சி" என்றார் டீச்சர். "இப்படியே போனா வேற ஆளைத்தான் போடணும்."

ராவ் மேடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பாவம், கண் கலங்கியிருந்தது.

"எங்க அப்பா பழக்கினது டீச்சர். அவருக்கு அவங்க அப்பா. ரத்தத்துல ஊறிப்போச்சு. இதை எங்க கொண்டு போய்த் தொலைக்க?"

டீச்சர் உள்ளே போனார். ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"வாயில வச்சுக்கோங்க. உங்க முறை வரும்வரை அப்படியே இருக்கட்டும்."

அனிஷா தொடங்கினாள். வாய் நிறையத் தண்ணீர் இருக்கும்போது உதடு எப்படி அசையும்? ராவ் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பாதியில் அவருடைய தாடை இறுகியது. அவள் அழுதபோது இவர் கண் நிறைந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அனிஷாவின் குரலே தழுதழுத்தது.

ராவின் முறை வந்தது. அவர் துப்புவதற்காக வாசல் பக்கம் ஓடினார்.

"எங்க போறீங்க?"

ராவ் வாயைச் சுட்டிக் காட்டினார்.

"துப்பாதீங்க. முழுங்கிட்டுப் பேசுங்க."

ராவ் விழுங்கினார். பேசினார். முடிந்ததும் அனிஷா மூக்கைச் சிந்திக்கொண்டே, "நாளைக்கும் இப்படியே பண்ணுங்க மாமா" என்றாள்.

ராவுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. "டீச்சர், பழக்கம் போகலையே. அவ பேசினதை எல்லாம் உள்ளுக்குள்ள நானும் பேசிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"தெரிஞ்சுது" என்றார் டீச்சர், சந்தோஷமாக.

நாடகத்தன்று அரங்கம் நிறைந்திருந்தது. மகள் பேசி முடிக்கும்வரை அந்த அப்பா உதடு அசையாமல் நின்றார். ஆனாலும் சபை முழுக்க அவருடைய முகத்தைத்தான் பார்த்தது. முதல் வரிசையில் அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

திரை விழுந்ததும் ராவுக்கு ஏதோ உறைத்தது. வேஷத்தைக்கூடக் கலைக்காமல் டீச்சரிடம் ஓடினார்.

"டீச்சர், இன்னைக்குத் தண்ணி தர மறந்துட்டீங்களே!"

டீச்சர் சிரித்தார்.

"அதான் அன்னைக்கே முழுங்கிட்டீங்களே, அண்ணாச்சி."