உளப்பாட்டுத் தன்மைப் பன்மை

குருவைத் தேடிப் போகிறவர்கள் வழக்கமாக மலை ஏறுவார்கள். புலவர் அம்பலவாணன் யாரையும் தேடிப் போகவில்லை. அவர் கிளம்பியது மதுக்கடைக்கு. வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது.

ஆறாவது நாள் மாலை, ஐந்தரை மணி. ஐந்து நாட்களாக அவர் ஒரு சொட்டுத் தொடவில்லை.

முப்பத்தோரு வருடம் அரசுப் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். குடித்த நாட்களில் அவருக்கு ழகரம் வராது. வேறு எந்தத் தடுமாற்றமும் தெரியாது. நடை நேராக இருக்கும், பேச்சு கோவையாக இருக்கும், ‘பழம்’ மட்டும் ‘பலம்’ ஆகிவிடும். மனைவி மங்கையர்க்கரசி இதைக் கண்டுபிடித்து வெகுகாலம் ஆகிறது. போன வாரம் கோவில்பட்டியில் உள்ள அண்ணன் வீட்டுக்குக் கிளம்பும்போது, பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று சொன்னாள்:

“ஏழு நாள் தொடாம இருங்க. ஏழாம் நாள் ராத்திரி நானே ஃபோன் பண்ணுவேன். ‘வாழைப்பழம்’னு சொல்லுங்க. சரியா வந்துச்சுன்னா மறுநாள் காலை பஸ்ஸுல வந்துடுறேன். வரலைன்னா இனிமே வரமாட்டேன்.”

அவள் எதையும் இரண்டு முறை சொல்கிறவள் அல்ல.

நாளைக்கு ஏழாம் நாள்.

அரசு மருத்துவமனை டாக்டர் கொடுத்த மாத்திரையில் கை நடுக்கம் நின்றுவிட்டது. உடம்பு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது வேறு ஏதோ. காலையில் செய்தித்தாளில் ஒளிந்துகொண்டு கேட்டது. மதியம் சோற்றுத் தட்டில் கேட்டது. நான்கு மணிக்கு மேல் ஒளியவே இல்லை, எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் எழுந்து கொல்லைக்குப் போனார். வந்தார். மறுபடி போனார். சட்டையை மாட்டினார். ‘சும்மா கேட் வரைக்கும் காலாற நடந்துவிட்டு வரலாம்’ என்று தோன்றியது.

கேட்டுக்கு அப்பால் அறுபது அடியில் கடை.

கேட் அறைச் சுவரில் ஒரு பலகை இருந்தது: ‘கேட்டை திறக்க சொல்லி வற்புறுத்த கூடாது.’ மூன்று இடத்தில் வல்லினம் மிக வேண்டும். மூன்றிலும் விழுந்துவிட்டது. கடந்த பல வருடங்களாக மாலைதோறும் அவர் இந்த மூன்று பிழைகளையும் மனதுக்குள் திருத்திவிட்டுத்தான் கடைக்குப் போவார். திரும்பி வரும்போது திருத்துவதில்லை.

“உட்காருங்க சார். கிராஸிங் இருக்கு, ரெண்டு வண்டி. நேரமாகும்,” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

கேட் கீப்பர் பேச்சியம்மாள். நாற்பது வயது இருக்கும். பேச்சு மிகக் குறைவு. பெயர் வைத்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். ஏழாம் வகுப்பில் அவருடைய மாணவி. ஒருமுறை ஒரு கட்சிக்காரர் காரை விட்டு இறங்கி வந்து, வேலையே போய்விடும் என்று மிரட்டியும் கேட்டைத் தூக்காதவள் என்று ஊரில் அவளுக்குப் பெயர். மேலிடத்தில் விசாரித்தபோது, “வண்டி வந்துச்சு, மூடியிருந்தேன்” என்று மூன்றே சொல்லில் பதில் சொன்னாளாம்.

புலவர் வேப்பமரத்தடியில் கிடந்த பழைய ஸ்லீப்பர் கட்டையில் உட்கார்ந்தார். எழுந்தார். தண்டவாளத்தை எட்டிப் பார்த்தார். உட்கார்ந்தார்.

“வண்டி வருகிறதா?”

“வரும் சார்.”

“எப்போது?”

“வாரப்ப வரும்.”

சட்டைப்பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்து விரித்தார். மூடினார்.

“அது என்ன சார், எப்பவும் கையில வச்சிருக்கீங்க?”

அவர் சற்றுத் தயங்கினார். பிறகு, பேசிக்கொண்டிருந்தால் நேரமாவது போகும் என்று நினைத்துச் சொன்னார். “குடியை விடுவதற்கான வழிகள். ஒன்பது சேர்த்திருக்கிறேன். எதைப் பின்பற்றுவது என்றுதான் முடிவாகவில்லை.”

“ஒன்பதா?”

“கோவிலில் கயிறு கட்டுவது ஒன்று. ஆனால் பூசாரி சொல்லச் சொல்கிற சத்தியத்தில் எழுவாயே கிடையாது. ‘இனி தொடமாட்டேன்’ என்கிறார்கள். எதை? செயப்படுபொருளும் இல்லை. அப்படிப்பட்ட வாக்கியம் எப்படி நிற்கும்?”

“நிக்காதுதான்.”

“மறுவாழ்வு மையம் ஒன்றிலிருந்து துண்டறிக்கை வாங்கினேன். பதினொரு சந்திப்பிழை. அவர்களையே திருத்திக்கொள்ள முடியாதவர்கள் என்னை எப்படித் திருத்துவார்கள்?”

பேச்சியம்மாள் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“சர்ச் ஹாலில் வாராவாரம் குடியை விட்டவர்கள் கூடுகிறார்கள். நல்ல மனிதர்கள். டீ கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் எழுந்து ‘நான் ஒரு குடிகாரன்’ என்கிறார்கள். நான் எழுந்து, ‘ஒரு’ எதற்கு, அது ஆங்கில மரபு, தமிழில் ‘நான் குடிகாரன்’ என்றாலே போதும் என்றேன்.”

“அப்புறம் நீங்க சொன்னீங்களா?”

“எதை?”

“‘ஒரு’ இல்லாம.”

புலவர் குறிப்பேட்டின் மூலையைச் சுருட்டினார். “விவாதம் அதற்குள் வேறு பக்கம் போய்விட்டது.”

சைக்கிள்கள், இரண்டு ஆட்டோ, ஒரு டிராக்டர் வந்து சேர்ந்தன. கேட்டுக்கு அந்தப் பக்கம் கடையின் பெயர்ப்பலகையில் விளக்கு எரிந்தது. இன்னும் வெயில் இருக்கிறது, இப்போதே எதற்கு விளக்கு என்று அவருக்குக் கோபம் வந்தது. கால் தானாக ஆடியது. முழங்காலைப் பிடித்து நிறுத்தினார். மற்றக் கால் ஆடியது.

“நீயே சொல் பேச்சி. ஒன்பதில் எது?”

அவள் சன்னலுக்கு வந்தாள். “குடிக்கணும்னு எப்படி சார் தோணும்? என்னன்னு வரும்?”

இதுவரை யாரும் அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. மேற்கோள் காட்டுவதில் அவர் கறாரானவர். கண்ணை மூடிக்கொண்டு, வந்ததை வந்தபடி ஒப்பித்தார்.

“‘சும்மா நடந்துவிட்டு வரலாமே.’ அதுதான் தொடக்கம். பிறகு, ‘நாம் என்ன சின்னப் பையன்களா, நமக்கு அளவு தெரியாதா?’ பிறகு, ‘ஐந்து நாள் இருந்து காட்டிவிட்டோமே, நம்மால் முடியும் என்று தெரிந்துவிட்டதே, அதற்காகவாவது நாம் இன்றைக்கு...’”

“நல்ல தமிழா இருக்கே.”

“ஒற்றுப்பிழைகூட இருக்காது,” என்றார் அவர், சற்றே பெருமையாக.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உள்ளே டெலிபோன் மணி அடித்தது. போனாள். ஸ்டேஷனிலிருந்து சொன்ன நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டாள், கேட் மூடியிருப்பதற்கு அடையாளமாகத் தன் நம்பரைச் சொன்னாள், வைத்தாள்.

அதற்குள் பால் கேன் கட்டிய பைக் ஒன்று எல்லா வண்டிகளையும் இடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றது. பால்காரர் ஹாரனை அழுத்தினார். எட்டிப் பார்த்தார்.

“எக்கா! வண்டியக் கண்ணுக்கெட்டின தூரத்துக்குக் காணோமே!”

“வரும்ணே.”

“பால் திரிஞ்சு போயிரும்க்கா.”

“ம்.”

“எக்கா, நீங்க மகராசியா இருப்பீங்க. நாம என்ன வேணும்னா செய்யுதோம்? ஒரே நிமிசம். நாம டக்குன்னு தூக்கிட்டு டக்குன்னு இறக்கிரலாமே!”

பேச்சியம்மாள் கேட்டின் கைப்பிடி மேல் கையை வைத்தபடி நின்றாள்.

“நாமளா?” என்றாள். “கைப்பிடிய சுத்தப் போறது நான்லாண்ணே?”

பால்காரர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே இன்னொரு முறை ஹாரன் அடித்தார். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

புலவரின் கால் ஆடுவது நின்றிருந்தது.

அவர் பலகையைப் பார்த்தார். கேட்டைத் திறக்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. முதல் முறையாக அவர் அதைப் பிழைகளுக்காகப் படிக்கவில்லை.

கிழக்கே போகிற பாசஞ்சர் தடதடத்துப் போனது. கடைசிப் பெட்டி கடந்ததும் எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் உறுமின. பேச்சியம்மாள் பச்சைக் கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

“அதான் போயிட்டுல்லா!” என்றது ஒரு குரல்.

“திறக்கா!” என்றது இன்னொன்று.

“இன்னொண்ணு இருக்கு,” என்றாள்.

“உனக்குக் கோபம் வராதா?” என்று கேட்டார் புலவர்.

“எதுக்கு சார்? அவங்க அவசரம் அவங்களுக்கு. இத்தனை வருசத்துல ஹாரன் அடிச்சு எந்த கேட்டும் திறந்ததில்ல.”

பத்து நிமிடம். அது எவ்வளவு நீளம் என்று அவர் அன்றைக்குத்தான் அளந்தார். உள்ளே அது பேசிக்கொண்டே இருந்தது. முதலில் கெஞ்சியது. பிறகு மங்கையர்க்கரசியைப் பற்றி, சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னது. பிறகு, அவள் பாவம் என்றது. பிறகு, நாம் அவளுக்காகத்தானே இத்தனை கஷ்டப்படுகிறோம் என்றது. அவர் திடுக்கிட்டு, வழக்கமாக மாணவர் கட்டுரையில் பிழையைக் கண்டால் வட்டமிடுவதுபோல், விரலால் காற்றில் ஒரு சுழி போட்டார்.

மேற்கே போகிற வண்டியும் போயிற்று.

பேச்சியம்மாள் கைப்பிடியைச் சுற்றினாள். கேட் கிறீச்சிட்டு எழுந்தது. பைக்கும் ஆட்டோவும் டிராக்டரும் ஒன்றின்மேல் ஒன்று விழுவதுபோல் இரண்டு பக்கமும் பாய்ந்தன. புழுதி அடங்கியபோது நடுவில் ஒன்றுமே இல்லை. தண்டவாளம், அறுபது அடி, விளக்கு.

புலவர் எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

“கிளம்பிட்டீங்களா சார்?”

“போகலாம் என்று...” என்றார். மேலே சொல்லவில்லை.

“யாரு போறது?”

அவர் திரும்பிப் பார்த்தார்.

“ஏழாம் வகுப்புல நான் ஒரு வாக்கியம் எழுதினேன் சார். ‘நாம் ஊருக்குப் போகிறோம், நீங்கள் இங்கேயே இருங்கள்.’ ஞாபகம் இருக்கா?”

“இல்லை.”

“எனக்கு இருக்கு. நூறு தடவ எழுதச் சொன்னீங்க. ‘நாம்’னா கேட்டுக்கிட்டு இருக்கிறவனும் கூட வரணும், அவன இருக்கச் சொன்னா ‘நாங்கள்’னு எழுதணும், கேக்கறவனையும் உள்ள இழுத்துப் போடுறதுதான் உளப்பாட்டுத் தன்மைப் பன்மைன்னு சொன்னீங்க. கை வீங்கிப் போச்சு.”

புலவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“போறதுன்னா போங்க சார். கேட் திறந்துதான் இருக்கு. நான் மூடுறது ரயிலுக்கு மட்டுந்தான், கடைக்கு இல்ல.” கொடியை மூலையில் சாய்த்து வைத்தாள். “தன்மை ஒருமையில சொல்லிட்டுப் போங்க. அவ்வளவுதான்.”

“என்னவென்று?”

“‘நான் குடிக்கப் போறேன்’னு. நூறு தடவ வேண்டாம். ஒரு தடவ போதும்.”

இது என்ன பெரிய காரியம் என்று அவருக்குத் தோன்றியது. எழுவாய், எச்சம், பயனிலை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். முப்பத்தோரு வருடம் வினைமுற்றுகளை விகுதி விகுதியாகப் பிரித்துப் போட்டவர் அவர். வாயைத் திறந்தார்.

“நான்,” என்றார்.

ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு கடந்து போயிற்று.

“நான்...”

உள்ளே அது உடனே உதவிக்கு வந்தது. ‘நாம் போய்க்கொண்டே சொல்லிக்கொள்ளலாமே’ என்றது. அவருக்குக் கிட்டத்தட்டச் சிரிப்பு வந்தது. ஒரு கால் தண்டவாளத்தைப் பார்த்தும் ஒரு கால் வேப்பமரத்தைப் பார்த்தும் நின்றன. கடை விளக்கில் பூச்சிகள் சேர ஆரம்பித்திருந்தன. பயனிலை வரவில்லை.

டெலிபோன் அடித்தது.

“கூட்ஸ்,” என்று பேச்சியம்மாள் வெளியே வந்து கைப்பிடியைப் பிடித்தாள். கேட் இறங்கியது. அதன் நுனி, அவருக்கு இரண்டு முழம் முன்னால் வந்து அமர்ந்தது.

புலவர் மெல்லப் பின்னால் நடந்து ஸ்லீப்பர் கட்டையில் உட்கார்ந்தார். நெற்றியைத் துடைத்தார். குறிப்பேடு கீழே விழுந்து கிடந்தது. காலால் ஓரமாகத் தள்ளினார். பிறகு, மெதுவாக, யாருக்கும் கேட்காத குரலில், “வாழைப்பழம்” என்று சொல்லிப் பார்த்தார். வந்தது.

கூட்ஸ் வரவில்லை. வண்டிகள் மறுபடி சேர்ந்தன. மறுபடி ஹாரன்.

“பேச்சி.”

“சொல்லுங்க சார்.”

“கடை சாத்துகிற வரைக்கும் இன்னும் எத்தனை வண்டி?”

“அஞ்சு. ஏன் சார்?”

அவர் குரலில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. “ஒன்றும் இல்லை. நான் இங்கேயே இருந்துவிடுகிறேன். இன்றைக்கு ஒருநாள்தானே. ஒவ்வொரு வண்டி போன பிறகும் கேட்டைச் சற்று நேரம் அப்படியே விட்டுவைத்தால், நாம் இரண்டு பேரும் சேர்ந்து எப்படியாவது சமாளித்துவிடலாமே.”

பேச்சியம்மாள் தண்டவாளத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“என் கேட்டை நான் மூடிக்குவேன், சார்,” என்றாள்.