ராஜா வாடகைக்கு விட்ட வீடு

முன்னொரு காலத்திலே, ராஜாக்களுக்கும் வாடகை ஆசை பிடித்திருந்த காலத்திலே, ஒரு ராஜா இருந்தார். வாரிசில்லாமல் செத்துப்போன வணிகன் ஒருவனின் தெற்கு வீதி வீடு அவர் கைக்கு வந்தது. அதற்கு முன் ஒரு மாட்டுக்கொட்டகையைக்கூட வாடகைக்கு விட்டறியாதவர். ஆனாலும் நிபந்தனைக்குக் குறைச்சலில்லை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, சத்தம் கூடாது, மீன் வாடை ஆகாது, விருந்தாளி தங்கக் கூடாது.

பால் காய்ச்சிக் குடிவந்தவர்கள் எல்லோருமே சில நாளில் மூட்டையைக் கட்டினார்கள். "அந்தி சாஞ்சா யாரோ நடக்குறாங்க சாமி. சட்டி மூடி தானா திறக்குது. சன்னல்ல மூச்சுக்காத்து படுது. கிணத்து ராட்டினம் ஆளில்லாம சுத்துது" என்று நடுங்கினார்கள்.

பொக்கிஷ அதிகாரி மருதவாணருக்கு விகடன் சொக்கப்பன் மேல் வெகுநாளாக வயிற்றெரிச்சல். "பிரபோ, இதெல்லாம் வீண் பிரமை. அடியேன் என்றால் அஞ்சாமல் குடியிருப்பேன். பௌர்ணமிக்குள் தங்கள் நிபந்தனைகளுக்கு இசைந்த ஆளைச் சொக்கப்பன் பிடித்து வரட்டும். இல்லையேல் அவனே குடும்பத்தோடு குடியேறட்டும்" என்று தூபம் போட்டார். ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

சொக்கப்பன் மனைவி உலகம்மைக்கு நிறைமாதம். "பேய் வீட்டுலயா நான் பிள்ள பெத்துக்கணும்?" என்று அவள் கேட்டபோது, ஊரைச் சிரிக்க வைப்பவன், "அந்தப் பேய நானே பாத்துட்டு வர்றேன்" என்றான்.

மறுநாள் பொழுது சாயுமுன் அவன் அந்த வீட்டு நெல் குதிருக்குப் பின்னால் பதுங்கினான். பின்கட்டுக் கதவு மெல்லத் திறந்தது. காலடி ஓசை கேட்டது. ஒரு கறுப்பு உருவம் சுவர் சுவராகத் தடவிக்கொண்டே வந்தது. ஓடிப்போனவர்கள் விட்டுச்சென்ற சட்டியைத் திறந்து மோந்தது. சொக்கப்பன் குதிரோடு ஒட்டிக்கொண்டான். அப்போதுதான் மூக்கில் ஏறியது, புனுகு வாசனை. அந்த நாட்டில் புனுகு பூசுகிறவர் ஒருவர்தான்.

அட கடவுளே! 'பேயே நீர்தான்' என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னால் கழுத்தில் தலை நிற்குமா?

மறுநாள் சபையில் கைகட்டி நின்றான். "பிரபோ, ஆள் கிடைத்துவிட்டார். ஆணி அடிக்க மாட்டார், சத்தம் போட மாட்டார், மீன் சமைக்க மாட்டார், விருந்தாளியும் கிடையாது."

"யார் அந்த உத்தமர்?"

"அந்தியில் பின்கட்டு வழியே வந்து, சுவரைத் தடவி, சட்டியை மோந்து போகிறவர். தினமும் அங்கே வாசம் செய்பவர் இருக்கையில் வேறு ஆள் எதற்கு? வாடகையை அவரிடமே வாங்கிக்கொள்ளுங்கள். மேலே புனுகு மணக்கும், அதுதான் அடையாளம்."

ராஜா தம் அங்கவஸ்திரத்தை மோந்து பார்த்தார். தொலைந்தான் பயல் என்று மருதவாணர் உதட்டுக்குள் சிரித்தார். ராஜாவோ தூண் அதிரச் சிரித்துவிட்டார். "என் வீட்டை என்ன செய்கிறார்களோ என்று மனசு கேட்கவில்லையடா!"

"வாடகைக்கு விட்டபின் வாசலில் நின்று கதவைத் தட்ட வேண்டும் பிரபோ. உள்ளிருந்து 'வாங்க' என்ற பிறகே காலை வைக்க வேண்டும்."

"பிடி சாவியை! வீடு இனி உனக்கே சொந்தம். அஞ்சாத மருதவாணர்தான் உன் முதல் குடித்தனக்காரர்!"

அன்று மாலையே மூவரும் அங்கே போனார்கள். மருதவாணர் கையில் பால் செம்பு இருந்தது. வாசலில் ராஜா மெல்லச் சொன்னார்: "சட்டியைத் திறந்தது நான்தான். சன்னலில் எட்டிப் பார்த்ததும் நான்தான். ஆனால் அந்தக் கிணற்று ராட்டினத்தை நான் தொட்டதே இல்லையே, சொக்கப்பா?"

உள்ளே கிரீச், கிரீச் என்று சத்தம் கேட்டது.

சொக்கப்பனுக்கும் ஓடத் தோன்றியது. ஆனாலும் இப்போது அவன் வீட்டுக்காரன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவைத் தட்டினான். "அம்மா தாயே, வீட்டுக்காரன் வந்திருக்கேன். உள்ள வரலாமா?"

ராட்டினம் நின்றது. "வாங்க" என்றது ஒரு பெண் குரல்.

திரும்பிப் பார்த்தான். பால் செம்புதான் தெருவில் உருண்டுகொண்டிருந்தது. ராஜா சிரித்துக்கொண்டே ஓடினார் என்று அரண்மனையில் சொல்லிக்கொள்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

உலகம்மைக்குப் பழைய வீட்டிலேயே சுகப்பிரசவம் ஆனது. ராட்டினக்காரி குடியிருக்கும் தெற்கு வீதி வீட்டில் இன்றுவரை யாரும் ஓர் ஆணி அடித்ததில்லை.