வசனகர்த்தா பார்த்த மௌனப்படம்

சங்கரபாண்டியனுக்கு ஐம்பத்தெட்டாவது வயதில் ஒரு குரு கிடைத்தார். குருவுக்கு வயது முப்பத்தொன்பது.

அதுவரை அவருக்குக் குரு தேவைப்பட்டதில்லை. நாற்பது படங்களுக்கு வசனம் எழுதியவர். அவருடைய வரிகளை ஆட்டோக்களின் முதுகில் எழுதி வைத்திருந்தார்கள். கல்யாண மேடைகளில் சொல்லிக் கைதட்டல் வாங்கினார்கள். முதல்முறையாகத் தானே ஒரு படத்தை இயக்கியபோதுதான் சிக்கல் வந்தது. கடைசிக் காட்சி உயிரில்லாமல் கிடந்தது. ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை.

ஒரு டிரைவர், ஒரு கண்டக்டர். ஒரே பஸ்ஸில் பதினோரு வருஷம் ஓடியவர்கள், சண்டை போட்டுப் பிரிகிறார்கள். வெகுகாலம் கழித்து டிரைவர் கண்டக்டரின் வீட்டைத் தேடி வருகிறார். வாசலில் நின்று, நீ செய்ததையெல்லாம் மன்னித்துவிட்டேன் என்கிறார். அதற்கு மூன்று பக்க வசனம். படத்தை முன்கூட்டிப் பார்க்க அழைத்திருந்தவர்கள் அந்த இடத்தில் கைதட்டினார்கள். வெளியே வந்ததும் காரை எங்கே நிறுத்தினோம் என்று பேசிக்கொண்டார்கள். சங்கரபாண்டியன் அதைக் கவனித்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சரியான தூக்கமில்லை.

படத்தின் எடிட்டர் பூங்கோதை. அதிகம் பேசாதவர். ஒருநாள் மத்தியானம் அவருடைய அறைக்குள் சங்கரபாண்டியன் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு நுழைந்தபோது, பூங்கோதை பழைய படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். வடக்கே எங்கோ ஒரு குளிர்தேசத்தில் எடுத்த மௌனப்படம். பின்னணி இசைகூட இல்லை. ஒரு பெண் மாவு பிசைகிறாள். பக்கத்தில் பிரிக்காத ஒரு கடிதம். கடலுக்குப் போன கணவனைப் பற்றிய கடிதம். அவள் அதைப் பார்க்கிறாள், பிசைகிறாள், மறுபடி பார்க்கிறாள். கடைசியில் உறையைத் தொடுகிறாள். ஐந்து விரலும் மாவாக உறையில் பதிகிறது.

சங்கரபாண்டியன் பொட்டலத்தைப் பிரிக்காமலே நின்றார்.

"இது எந்த வருஷத்துப் படம்?"

"நூறு வருஷத்துக்கு மேல ஆச்சுண்ணே."

"ஒரு வார்த்தை பேசலையே. இன்னும் எப்படி நிக்குது?"

பூங்கோதை படத்தை நிறுத்தினார். ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டார். சங்கரபாண்டியன் வாழ்நாளில் பார்த்த படங்களில் மறக்கவே முடியாத ஐந்து இடங்களைச் சொல்லச் சொன்னார். அவர் யோசித்து யோசித்துச் சொன்னார். செத்துப்போன மகனின் சட்டையை ஒரு கிழவர் மடித்து வைக்கும் இடம். பிளாட்பாரத்தில் நிற்கும் சிறுமி, புறப்பட்டுப் போகும் ரயிலின் பெட்டிகளை எண்ணும் இடம். இப்படி ஐந்து. எல்லாம் அவர் காலத்தில் வந்த, நன்றாக வாயாடும் படங்கள்தான்.

பூங்கோதை காகிதத்தை அவர் பக்கம் திருப்பினார்.

"இதுல எங்கேண்ணே பேசறாங்க?"

அவர் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். ஐந்து இடத்திலும் ஒருவரும் பேசவில்லை. நாற்பது படங்களுக்கு எழுதியவருக்கு அது சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் கோபத்தைவிட ஆவல் பெரிதாக இருந்தது. இந்தப் படங்களை எடுத்தவர்களெல்லாம் இதை எங்கே கற்றுக்கொண்டார்கள் என்று கேட்டார்.

பூங்கோதை திரையைக் காட்டினார். மாவுக் கையோடு அந்தப் பெண் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.

அன்றைக்கே சங்கரபாண்டியன், தன்னைச் சிஷ்யனாகச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார். பூங்கோதைக்குச் சிரிப்பு வந்தது. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மதுரைக்கு வாருங்கள், வரும்போது உங்கள் கடைசிக் காட்சியையும் எடுத்துவாருங்கள் என்றார். அதன்பிறகு சங்கரபாண்டியன் அவரை வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிட்டார்.

மதுரையில் காது கேளாதோர் சங்கம் ஒன்று இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை அதன் மாடியில் பூங்கோதை மௌனப்படம் காட்டுவது வழக்கம். பிற்பகல் மூன்று மணிக்கு அறுபது பேருக்குமேல் வந்திருந்தார்கள். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தது. இருட்டில் கைகள் பேசாது என்பதால் ஓரத்தில் ஒரு சின்ன விளக்கை மட்டும் எரியவிட்டிருந்தார்கள்.

முன்வரிசையில் இருளப்பன் என்ற பெரியவர் இருந்தார். தையல்காரர். பிறவியிலேயே காது கேட்காது. அவருடைய மகள் வசந்திக்குக் கேட்கும். பள்ளிக்கூட ஆசிரியை. சைகையில் சொல்வதைப் பேச்சாகவும், பேச்சைச் சைகையாகவும் மாற்றிச் சொல்வது அவள்தான். அவளைச் சங்கரபாண்டியனுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார் பூங்கோதை.

அதே கடிதப் படம்தான் ஓடியது. இந்தமுறை முழுசாக. நடுவே வரும் எழுத்து அட்டைகள் யாருக்கும் தெரியாத பாஷையில் இருந்தன. யாரும் அவற்றைச் சட்டை செய்யவில்லை.

சங்கரபாண்டியன் திரையைப் பார்த்ததைவிடப் பார்ப்பவர்களைத்தான் அதிகம் பார்த்தார். அவர் சிரிப்பதற்கு முன்பே அவர்கள் சிரித்தார்கள். தபால்காரன் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனவுடனே இரண்டு வரிசைகளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கடிதம் இன்னும் பிரிக்கப்படவே இல்லை. அதற்குள் ஏன் அழுகிறார்கள் என்று வசந்தியிடம் கேட்டார். அவள் அப்பாவிடம் கேட்டுச் சொன்னாள்.

"கொடுக்கறதுக்கு முன்னாடி தபால்காரர் தொப்பியைக் கழட்டினாராம். நீங்க கவனிக்கலையான்னு கேக்கறார்."

அவர் கவனிக்கவில்லை. கண்ணெதிரே ஓடிய படம்.

படம் முடிந்ததும் அறுபது பேரும் கைகளை மேலே தூக்கி விரல்களை அசைத்தார்கள். அதுதான் அவர்களுடைய கைதட்டல். சங்கரபாண்டியனும் கையைத் தூக்கினார். எத்தனையோ கைதட்டல் பார்த்தவருக்கு அந்த ஓசையில்லாத கைதட்டல் என்னவோ செய்தது.

இருளப்பன் அவரிடம் ஒரு விஷயம் சொன்னார். இருளப்பனின் அப்பாவுக்கும் காது கேட்காது. பையனாக இருந்தபோது கொட்டகையில் ஒரு படம்கூட விடமாட்டாராம். எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பாராம், எல்லோரோடும் சேர்ந்து அழுவாராம். பிறகு படங்கள் பேச ஆரம்பித்தன. முதல் பேசும்படத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் எழுந்து வந்துவிட்டாராம்.

"படம் பேச ஆரம்பிச்ச அன்னைக்கு எங்களுக்கு ஊமையாயிடுச்சு" என்று அப்பா சொன்னதாக இருளப்பன் கையால் சொன்னார். வசந்தி அதை மெதுவாக வாயால் சொன்னாள்.

அடுத்து சங்கரபாண்டியனின் காட்சி. மூன்றரை நிமிஷம். ஸ்பீக்கரில் அவருடைய வசனம் முழங்கியது. கேட்டவர்கள் மொத்தம் மூன்று பேர்: அவர், பூங்கோதை, வசந்தி.

முடிந்ததும் கைகள் உயர்ந்தன. ஆனால் இருளப்பன் எழுந்து முன்னால் வந்தார். நேராகச் சங்கரபாண்டியனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"வாசல்ல வந்து நிக்கறானே, அவன் என்ன தப்பு செஞ்சான்னு கேக்கறார்" என்றாள் வசந்தி.

வந்தவன் தப்புச் செய்யவில்லை, உள்ளே உட்கார்ந்திருப்பவன்தான் தப்புச் செய்தான், வந்தவன் அவனை மன்னிக்க வந்திருக்கிறான் என்று சங்கரபாண்டியன் விளக்கினார்.

இருளப்பன் தலையை ஆட்டினார். இல்லை என்றார். பிறகு நடித்துக் காட்டினார். வலது காலைச் செருப்பிலிருந்து பாதி எடுத்தார். மறுபடி உள்ளே விட்டார். கதவு நிலையைத் தொடப்போன கையை இடுப்பு வரை கொண்டுவந்து நிறுத்தினார். தலையை நிமிர்த்தினார், ஆனால் கண் தரையைவிட்டு வரவில்லை. அந்த டிரைவர் அப்படியே எதிரில் நின்றார்.

பிறகு கையால் சொன்னார். வசந்தி கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் மாற்றிச் சொன்னாள்.

"நீங்க எழுதினதைக் கேட்டா நீங்க சொல்ற மாதிரிதான் இருக்கும். எனக்குத்தான் கேக்காதேன்னு சொல்றார்."

சங்கரபாண்டியன் பூங்கோதையைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஜன்னல் துணிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

கீழே இறங்கிப் படிக்கட்டில் உட்கார்ந்து, டிரைவராக நடித்த காந்திராஜனுக்குப் போன் போட்டார். நாடகத்திலிருந்து வந்த நடிகர், சொன்னதைச் சொன்னபடி செய்பவர். வாசலில் அப்படி நிற்க உனக்கு யார் சொன்னது என்று கேட்டார்.

"நீங்கதான் சார்."

"நான் சொல்லலையே."

"சொல்லலை சார். எப்படி வரணும்னு நடந்து காட்டினீங்க இல்ல? செருப்பைக் கழட்டினீங்க, மாட்டினீங்க, குனிஞ்சீங்க. நான் அதை அப்படியே எடுத்துக்கிட்டேன். தப்பா சார்?"

தப்பில்லை என்று சொல்லிப் போனை வைத்தார்.

அந்தக் காட்சிக்குப் பின்னால் இருந்த கதை, அவர் சொன்ன விதத்தில், சினிமாவில் எல்லோருக்கும் தெரியும். சங்கரபாண்டியன் பதினோரு வருஷம் தனியாக எழுதியதில்லை. அருளானந்து என்ற நண்பரோடு சேர்ந்து எழுதினார். ஒரே அறை, ஒரே மேஜை. ஒருவர் வரியைச் சொல்ல மற்றவர் முடிப்பார். திரையில் இருவருடைய பேரும் சேர்ந்தே வரும். பிறகு ஒரு பெரிய படத்தில் சங்கரபாண்டியனின் பேர் மட்டும் வந்தது. தயாரிப்பாளர் செய்த வேலை என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். அருளானந்து அதைப் பெரிதாக்கி நட்பை முறித்துக்கொண்டதாகவும் சொன்னார். சொல்லிச் சொல்லி அதை அவரே நம்பிவிட்டார். உண்மையில் அருளானந்துவின் பேரை எடுக்கச் சொல்லித் தயாரிப்பாளரிடம் பேசியது சங்கரபாண்டியன்தான்.

பதினெட்டு வருஷமாகிறது. அருளானந்து திண்டுக்கல்லுக்குப் போய்விட்டார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பாடப்புத்தகக் கடை.

பூங்கோதை மாடியிலிருந்து இறங்கி வந்தார். இரவு ரயிலுக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருந்தது. சங்கரபாண்டியன், தான் அதில் வரவில்லை என்றார்.

மறுநாள் காலை திண்டுக்கல்லில் அந்தக் கடையைக் கண்டுபிடிக்க அவருக்கு நேரமாகவில்லை. வாசலுக்கு வந்தபிறகு உள்ளே போகத்தான் நேரமானது. வழியெல்லாம் என்ன பேசுவது என்று எழுதி எழுதி அழித்துக்கொண்டே வந்திருந்தார். மனசுக்குள் ஒரு வரியும் நிற்கவில்லை.

அருளானந்துவுக்குத் தலைமுடி முழுக்க நரைத்திருந்தது. வந்தவரைப் பார்த்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சங்கரபாண்டியன் போனை எடுத்தார். ஒலியை முழுவதும் குறைத்தார். காட்சியை ஓடவிட்டுக் கல்லாமேஜை மேல் வைத்தார்.

அருளானந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். மூன்றரை நிமிஷமும் பார்த்தார். சத்தம் வரவில்லையே என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான் என்றார் சங்கரபாண்டியன். அருளானந்து மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

ஒரு பெண்மணி பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் கேட்டு வந்தார். அருளானந்து எடுத்துக் கொடுத்தார். பிறகு எதிர்க்கடைக்குக் கையைக் காட்டி இரண்டு டீ சொன்னார். குடித்தார்கள். வருகிறேன் என்று சங்கரபாண்டியன் சொன்னபோது தலையை அசைத்தார்.

செவ்வாய்க்கிழமை சங்கரபாண்டியன் எடிட்டிங் அறைக்கு வந்தார். கடைசிக் காட்சியிலிருந்து மூன்று பக்க வசனத்தையும் எடுத்துவிடச் சொன்னார். ஒரு வரிகூட வேண்டாமா என்று பூங்கோதை கேட்டார். வேண்டாம். தெருச்சத்தம் மட்டும் போதும் என்றார்.

பூங்கோதை வேலையை ஆரம்பித்தார். சங்கரபாண்டியன் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து, திண்டுக்கல்லில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். பேரை எடுக்கச் சொன்னது தான்தான் என்பதையும் சொன்னார். இன்னொரு மனுஷரிடம் அதைச் சொல்வது அதுதான் முதல் தடவை.

"அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை, வாத்தியாரம்மா. மன்னிச்சானா, மன்னிக்கலையா, ஒண்ணும் தெரியலை."

பூங்கோதை திரையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"டீயை மேஜையில வெச்சாரா, கையில கொடுத்தாரா?"

"கையிலதான் கொடுத்தான்."

"கொடுக்கும்போது அவர் எங்கேண்ணே பார்த்தாரு?"

சங்கரபாண்டியன் சொல்ல வாயைத் திறந்தார். அவர் அதைக் கவனித்திருக்கவில்லை.