பையில் கட்டிய நாற்பத்திரண்டு

கூழாம்பட்டியில் ஒருவருக்கு எது குறைந்தாலும் மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நிரப்பிவிடுவார்கள். விதைநெல்லோ பந்தல்காலோ, எதுவானாலும் அதுதான் ஊர் வழக்கம். அந்த வழக்கத்தோடுதான் நாலு பேர் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

நோயாளி சடையாண்டி ஒருவர்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் அவர் நெஞ்சு விசிலடித்துவிட்டது. பெண்ணின் அப்பா ஒச்சப்பன், "மூச்சு நல்லாருக்குன்னு டாக்டர் சீட்டு கொண்டாங்க. அப்புறம்தான் தேதி" என்று சொல்லிவிட்டார். வெள்ளைச்சாமி, வீரணன், பிச்சமுத்து மூவரும் துணைக்கு வந்தவர்கள்.

"மூக்கை மூடிக்கிட்டு, நல்லா இழுத்து, இந்தக் குழாய்ல ஒரே மூச்சா ஊதுங்க" என்றார் நர்ஸ். நாலு பேரும் மூக்கை மூடிக்கொண்டார்கள். சடையாண்டி ஊதினார். திரையில் கோடு ஏறிப் பாதியில் தொங்கிவிட்டது.

"முதல் நொடியில வரவேண்டிய காத்துல அம்பத்தெட்டு சதவீதம்தான் வந்திருக்கு" என்றார் டாக்டர். "மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கு. இந்த மருந்தை இழுத்துட்டு கால் மணி நேரம் வெளிய இருங்க. திரும்ப ஊதிப் பாப்போம்."

வராந்தாவில் ஆலோசனை நடந்தது.

"நாப்பத்திரண்டு குறையுதேப்பா" என்றார் வெள்ளைச்சாமி.

"பஸ்ஸுல வாயைத் திறந்துட்டுத் தூங்கினான்ல, அங்க போயிருக்கும்" என்றார் வீரணன். "ஜன்னலோர சீட்டு வேற."

"தேடிப் போக நேரமில்ல. ஆளுக்குப் பதினாலு போடுவோம்" என்று முடித்தார் பிச்சமுத்து.

மூவரும் ஒரு பாலிதீன் பையில் ஊதினார்கள். பிச்சமுத்து நேர்மையானவர். தன் பங்கு பதினைந்தாகிவிட்டது என்று ஒன்றைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டார். பை வாயை நூலால் கட்டியாயிற்று.

சடையாண்டி மறுபடி ஊதினார். தொண்ணூற்றிரண்டு!

"ஆஸ்துமாதான். ஆனா மருந்துக்கு நல்லாக் கேக்குது. விடாம மருந்து எடுத்தா தாராளமாக் கல்யாணம் பண்ணலாம்" என்று சீட்டு எழுதிய டாக்டர், மேசைமேல் வந்து உட்கார்ந்த பையைப் பார்த்தார். "இது என்ன?"

"மீதி, டாக்டர்" என்றார் பிச்சமுத்து.

டாக்டருக்கு வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருந்தார்கள். "எடுத்துட்டுப் போங்க" என்றார்.

பெண் வீட்டில் ஒச்சப்பன் சீட்டை இரண்டு தரம் படித்தார். "தொண்ணூத்திரண்டுதான இருக்கு? எட்டு எங்க?"

"கையோட கொண்டாந்திருக்கோம் மாமா." வெள்ளைச்சாமி முடிச்சைத் தளர்த்தினார்.

ஒச்சப்பன் குனிந்து மோந்து பார்த்தார். "வெங்காய வாடை அடிக்குதே?"

"அது வீரணன் பங்கு மாமா. காலையில வெங்காய ஊத்தப்பம் தின்னான்."

"எம் பொண்ணுக்கு வெங்காயம் ஆகாது. அவரு பங்கை மட்டும் பொறுக்கி எடுத்துடுங்க. தை பத்து முகூர்த்தம்."

இப்போது மாசி முடியப்போகிறது. கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை மருந்தை இழுத்துவிட்டுத் தெம்பாகத் திரிகிறார். மூன்று பேர் மட்டும் பைக்குள் மூக்கை நுழைத்தபடி இன்னும் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். பன்னிரண்டு கிடைத்துவிட்டதாம். இன்னும் இரண்டுதான் பாக்கி.