கிரீச்சு என்ற பட்டம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் ராஜா என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என் வாசலில் வந்து நிற்பார்கள், எனக்கு அந்த வம்பு வேண்டாம். அவருக்கு யானைப் பைத்தியம் கிடையாது, நாட்டியப் பைத்தியம் கிடையாது. எந்திரப் பைத்தியம். கோட்டைக்குக் கிழக்கே முந்நூறு பேர் வேலை செய்யும் எந்திரச்சாலை ஒன்றை நடத்தினார். செக்கு, ஏற்றம், தேர் அச்சு என்று அங்கே செய்த சாமான் பதினோரு நாட்டுக்குப் போயிற்று. நாட்டு வருமானத்தில் பாதி அந்தச் சாலையிலிருந்துதான் வந்தது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ராஜா முன்னால் ஓடும் எந்திரம் நடுவில் நின்றால் அபசகுனம். ஆகையால் எந்திரத்தை ஓட்டிக் காட்டும் மேடைக்கு அடியில் ஒரு குழி வெட்டி நான்கு ஆட்களை உட்கார வைத்திருப்பார்கள். மேலே சக்கரம் முரண்டு பிடித்தால் கீழேயிருந்து ஒரு தள்ளு கொடுப்பார்கள். இது சபையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் பேசமாட்டார்கள். பட்டுத்துணி போர்த்திய மேடையைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஒரு நாள் ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தது. மாடும் இல்லாமல் ஆளும் இல்லாமல் தானாகவே தண்ணீர் இறைக்கும் ஏற்றம் வேண்டும் என்றார். கேட்பது ராஜா, முடியாது என்று யார் சொல்வது? செய்தார்கள். தானேறி என்று பெயர் வைத்தார்கள். மேடையில் ஓட்டியும் காட்டினார்கள். ஆனால் இந்த முறை குழியில் இருந்த நால்வர் வெறும் தள்ளு கொடுக்கவில்லை. முதலிலிருந்து கடைசிவரை சக்கரத்தைச் சுற்றியதே அவர்கள்தான்.

அதை எழுந்து நின்று சொன்னவள் ஒருத்தி. ஆவுடை என்று பெயர், சாலையில் அச்சுகளுக்கு எண்ணெய் ஊற்றுகிறவள். எந்த அச்சு எப்போது முனகும் என்று காதாலேயே சொல்லிவிடுவாள். “மகாராஜா, அச்சு கிரீச்சு கிரீச்சுனு கத்துது. பாரம் தாங்கல. கீழ இருக்கிற ஆளுங்க கையை எடுத்தா இது ஓடாதுங்க” என்றாள்.

ராஜாவின் முகம் சுண்டிப்போயிற்று. அப்போது எழுந்தான் வெண்காடன்.

வெண்காடன் அந்தச் சபையின் விகடகவி. ராஜாவின் முகம் வாடினால் மலரவைப்பதுதான் அவன் பிழைப்பு. அவன் காதை அச்சின் பக்கம் சாய்த்துக் கேட்டான். பிறகு ஆவுடையின் வாய்ப்பக்கம் சாய்த்துக் கேட்டான். “பிரபோ, கத்துவது அச்சு அல்ல. எண்ணெய் போட வேண்டியது இந்தக் கிரீச்சு அம்மாளின் நாக்குக்கு” என்றான். சபை சிரித்து உருண்டது. ராஜா தன் கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றி அவனுக்குப் போட்டார். ஆவுடை எண்ணெய்ச் செம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அந்தச் சிரிப்பின் சூட்டிலேயே காரியம் முடிந்தது. தானேறிக்கு ஆளும் வேண்டாம் மாடும் வேண்டாம் என்று நான்கு பேர் ஓலையில் கையெழுத்திட்டுப் பிணை நின்றார்கள். பொக்கிஷ மந்திரி அனந்தநம்பி ஒருவர், சேனாபதி ஒருவர், அரண்மனை ஜோசியர் ஒருவர். நான்காவது நம் வெண்காடன். காப்பு போட்ட கையாலேயே கையெழுத்துப் போட்டான்.

இரண்டாயிரம் தானேறிகள் பதினோரு நாட்டுக்குப் போயின. ஆறே மாதத்தில் இரண்டாயிரமும் திரும்பி வந்தன. கோட்டை வாசலிலிருந்து ஆற்றங்கரை வரை வண்டி வரிசை. ஒரு வணிகர் மரியாதையாகக் கடிதமும் எழுதியிருந்தார்: தாங்கள் அனுப்பிய எந்திரம் மிக அழகாக நிற்கிறது, எங்கள் ஊர்க் காக்கைகளுக்கு உட்கார வசதியாக இருக்கிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் கொடுத்துப் பொக்கிஷத்தின் அடித்தளம் தெரிய ஆரம்பித்தது.

அந்த வண்டி வரிசையைப் பார்த்த நாளிலிருந்து வெண்காடனுக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. அச்சின் சத்தம் அன்றைக்கு அவன் காதிலும் விழுந்தது. விழுந்தும்தான் அந்த விகடத்தைச் சொன்னான். அது உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது, அவனுக்குத் தெரியும்.

ராஜா சபையைக் கூட்டினார். வெள்ளிக்கிழமை பதினோரு நாட்டு வணிகர்களும் வருகிறார்கள் என்றார். நஷ்டத்தைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடக் கூடாது. “நேற்று நடந்தது எனக்கு வேண்டாம். எந்திரச்சாலையின் நாளையை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். நானும் பார்க்க வேண்டும்” என்றார்.

பொக்கிஷ மந்திரி நம்பிக்கு வெண்காடன் கையிலிருந்த காப்பின்மேல் வெகுநாளாகவே கண். அவர் எழுந்து வணங்கினார். சாலையின் முந்நூறு பேரையும் சனிக்கிழமை முதல் வேலையிலிருந்து நீக்கிவிட்டால் செலவு மிச்சம் என்றார். தொடக்கத்திலேயே அபசகுனமாகப் பேசிய அந்தக் கிரீச்சுதான் எல்லாவற்றுக்கும் காரணம், பட்டியலில் முதல் பெயர் அவளுடையதாக இருக்கட்டும் என்றார். “நாளையைக் காட்டும் பணியை நம் விகடகவிக்கே கொடுக்கலாம், பிரபோ. காட்ட முடியாவிட்டால் அவர் காப்பை இங்கே வைத்துவிட்டு நாட்டைவிட்டுப் போகட்டும்.” ராஜா தலையசைத்துவிட்டார்.

வெண்காடன் நேராக எந்திரச்சாலைக்குப் போனான். ஆவுடை ஒரு செக்கின் அடியில் குனிந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள்.

“என்ன சாமி, இன்னிக்கு எதைச் சொல்லிச் சிரிக்க வந்தீங்க?”

தப்பு செய்துவிட்டேன் தாயே என்று ஒருவழியாகச் சொன்னான். முந்நூறு பேரையும் நீக்கப் போகும் செய்தியையும் சொன்னான். அவள் செம்பைக் கீழே வைத்தாள்.

“தப்புன்னு என்கிட்ட தனியா வந்து சொல்றீங்க. சிரிச்சது சபையில இல்ல? சந்தையில கத்தரிக்கா விக்கிறவன்கூட கிரீச்சுனுதான் கூப்பிடறான். என் மகளைப் பொண்ணு பாக்க வந்தவங்க, கிரீச்சு வீடு எதுன்னு தெருவுல கேட்டுக்கிட்டு வந்தாங்க. அவ உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. பேரு வச்சது ஒரு நொடி. இப்ப அதை எப்படிங்க எடுப்பீங்க?”

அவன் தலையைத் தொங்கப் போட்டபடி நின்றான். பிறகு, அந்தத் தானேறி சுத்தமாக உதவாதா என்று மட்டும் கேட்டான். “யார் சொன்னா? சக்கரம் தங்கம். மத்த ஏத்தத்துக்கு நாலு மாடு வேணும், இதுக்கு ஒரு மாடு போதும். ஒரு நுகத்தடி கட்டினா ஓடும். ஒரு மாடு வேணும்னு உண்மையைச் சொல்லி வித்திருந்தா வாங்காமலா போயிருப்பாங்க?” என்றாள்.

மறுநாள் வெண்காடன் ராஜாவிடம் ஒரே ஒரு வரம் கேட்டான். நாளை வந்தால்தானே நாளையைக் காட்ட முடியும், ஆகையால் சனிக்கிழமை நடக்க வேண்டியதை வெள்ளிக்கிழமையே நடத்திவிட வேண்டும், முந்நூறு பேரையும் ஒருநாள் முன்னதாகவே அனுப்பிவிட வேண்டும் என்றான். இதில் என்ன கெட்டுப்போகிறது என்று ராஜா முத்திரை வைத்தார். நம்பிக்கு ஏக சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை வந்தது. வணிகர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். வேலை போன முந்நூறு பேரும், குழி ஆட்கள் நால்வர் உட்பட, வேலிக்கு வெளியே நின்றார்கள். மேடையில் தானேறி பட்டுத்துணியும் பூமாலையுமாக ஜொலித்தது. ராஜா கையைத் தட்டினார். எந்திரம் அசையவில்லை. இன்னொரு முறை தட்டினார். ஒரு காக்கை வந்து சக்கரத்தின்மேல் உட்கார்ந்தது.

“வெண்காடா, நாளை எங்கே?” என்றார் ராஜா. குரலில் இடி இருந்தது.

“தாங்கள் பார்த்துக்கொண்டிருப்பதுதான், பிரபோ. முந்நூறு பேரும் போன பிறகு சாலையின் நாளை இப்படித்தான் இருக்கும். ஒரு நாள் முன்னதாகக் கொண்டுவந்தேன், கட்டளைப்படி.”

ஜோசியர் அபசகுனம் அபசகுனம் என்று நடுங்கினார். ராஜா முன் எந்திரம் நிற்கலாமா? எப்படியாவது ஓட்டு என்று ராஜா உறுமினார். வெண்காடன் மடியிலிருந்து ஓலையை எடுத்தான். பிணை நின்றவன், சொன்ன சொல் தவறினால், அந்தக் குறையைத் தன் உடம்பால் உழைத்துத் தீர்க்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அதைக் கொண்டுவந்ததே நம்பிதான். “குழிக்கு நான்கு பேர் வேண்டும், பிரபோ. ஓலையில் சரியாக நான்கு கையெழுத்து இருக்கிறது” என்று சொல்லிவிட்டு, வேறு யாருக்கும் காத்திராமல் தானே முதலில் குழிக்குள் இறங்கினான்.

பின்னாலேயே சேனாபதி இறங்கினார். ஜோசியரை இரண்டு காவலர் இறக்கினார்கள். நம்பியின் தொந்தி வழியில் சிக்கிக்கொண்டதால் அவரை மேலேயிருந்து அமுக்க வேண்டியிருந்தது. நால்வரும் தள்ளினார்கள். சக்கரம் சுற்றியது, தண்ணீர் வந்தது. கூடவே கீழேயிருந்து நம்பியின் முக்கலும் ஐயோ அம்மாவும் வந்தன. வணிகர்களில் ஒருவர் எழுந்துபோய் பட்டுத்துணியைச் சட்டென்று விலக்கினார்.

பட்டு அங்கவஸ்திரத்தோடு சக்கரம் தள்ளும் மந்திரியைப் பார்த்ததும் ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் வணிகர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் காது மடல்கள் சிவந்துபோயின.

குழிக்குள் வெண்காடனின் காப்பு மணிக்கட்டை அறுத்தது. தலைக்கு மேலே அச்சு கிரீச்சு கிரீச்சென்று கத்தியது. ஆவுடை சொன்ன அதே சத்தம். அவன் தள்ளுவதை நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினான். முகமெல்லாம் எண்ணெயும் மண்ணும்.

“இந்தச் சத்தம் அன்றைக்கே என் காதில் விழுந்தது. விழுந்தும் உண்மை சொன்னவளைக் கேலி பேசிக் காப்பு வாங்கினேன். இந்த நஷ்டத்தில் முதல் பங்கு என்னுடையது. ஆவுடையம்மா, எல்லோரும் சிரித்த அதே சபையில் சொல்கிறேன், எனக்கு வெட்கமாக இருக்கிறது.”

ராஜா தலையைக் குனிந்து, தனக்கும் குழி இருப்பது தெரியும் என்று மெல்லச் சொன்னார். பிறகு வேலிப்பக்கம் திரும்பி ஆவுடையை அழைத்தார். அவள் வந்தாள். நால்வரும் குழியிலிருந்து ஏறினார்கள். வணிகர் ஒருவரின் வண்டி மாட்டையே அவிழ்த்து, குழியில் நால்வர் தள்ளிய கட்டையில் கயிறு கட்டி நுகத்தடியில் பூட்டினாள். அச்சுக்கு எண்ணெய் விட்டாள். மாடு நடந்தது, சக்கரம் சுற்றியது, வாய்க்கால் நிரம்பியது. ஒரே மாடா என்று மூன்று வணிகர்கள் ஒரே நேரத்தில் கேட்டார்கள். ஒரே மாடுதான், மாடு இல்லாமல் ஓடாது என்றாள் ஆவுடை. அந்தப் பதிலே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. ஆற்றங்கரை வரை நின்ற வண்டிகளில் பாதி, தானேறிகளுக்கு நுகத்தடி பூட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போயின. மீதி எப்போது போகும் என்பது அடுத்த மழையைப் பொறுத்தது. முந்நூறு பேரும் மாலைக்குள் வேலைக்குத் திரும்பினார்கள்.

ராஜாவுக்கு இப்போதுதான் முகம் தெளிந்தது. என்ன பரிசு வேண்டும், கேள் என்றார். வெண்காடன் காப்பைக் கழற்றி அவர் காலடியில் வைத்தான்.

“பட்டம் ஒன்று வேண்டும், பிரபோ. ராஜா ஒருவருக்குக் கொடுத்த பட்டத்தால் நாட்டில் இன்னொருவரை அழைத்தால் நூறு கசையடி என்பது வழக்கமல்லவா? எனக்குக் கிரீச்சு என்ற பட்டம் கொடுங்கள். ஊரறிய யானைமேல் ஏற்றிக் கொடுங்கள்.”

ராஜா அவனை உற்றுப் பார்த்தார். பிறகு ஆவுடையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. இந்த முறை சிரித்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது.

மறுநாள் யானை ஊர்வலம் போயிற்று. முரசறைவோன் பட்டத்தை மூன்று முறை கூவினான். சிறுவர்கள் கிரீச்சு கிரீச்சு என்று கத்திக்கொண்டே யானைக்குப் பின்னால் ஓடினார்கள். சந்தை முனையில் கத்தரிக்காய்க்காரன் கசையடிக்குப் பயந்து, வாங்க ஆவுடையம்மா, கத்தரிக்கா இளசா இருக்கு என்றான். அவள் காய் வாங்கவில்லை. எண்ணெய்ச் செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று, யானைமேல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“போயிட்டு வாங்க, கிரீச்சு” என்றாள்.

அவள் சிரித்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அவள் மகள் கதவைத் திறந்துகொண்டு ஊர்வலம் பார்க்கத் தெருவுக்கு வந்தாள் என்பது மட்டும் தெரியும்.